மத்தியானத்தில் குறையும் கால் அங்குலம்

நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது உயரம் பார்க்க ஒரு மிஷின் வைத்திருக்கிறார்களாம். ஆள் ஏறி நின்றால் சிவப்பு எழுத்தில் இலக்கம் விழுமாம், ஒரு பெண்குரல் அதை ஆங்கிலத்தில் வாசித்தும் காட்டுமாம். "அண்ணே, ஒங்க வேலைய இப்ப ஒரு பொம்பள செய்றா, அதுவும் சம்பளம் இல்லாம" என்று எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் போன் எடுத்துச் சொன்னார்கள். ஊழியர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படியும் கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் நான் கக்கூசுக்குப் போய்த் திரும்பி வர மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதக் கேட்டிருக்கிறார்கள்.

நான் சுகாதாரப் பகுதியில் சிற்றூழியனாகச் சேர்ந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. யுத்தம் தொடங்கிய காலத்தில், பொரளைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் இராணுவத்துக்கு ஆள் எடுக்கும் மருத்துவச் சோதனை நடந்தது. அங்கே மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக என்னை அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் முடிய இருபத்தாறு வருடம் எடுத்தது.

பயிற்சியும் ஒன்று தந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் சுவரில் நின்ற அளவுப் பலகையைக் காட்டி, "இது பலகை" என்றார். அடுத்த நாள் பென்ஷனில் போய்விட்டார்.

என் வேலை உயரம், நிறை, நெஞ்சளவு. உயரம்தான் முக்கியம். அதிகாரியாக வர விரும்புகிறவர்களை முதலில் இராணுவக் கல்லூரிக்கு கெடட்டாக எடுப்பார்கள். அதற்கு ஐந்தடி நான்கு அங்குலம் வேண்டும். அவ்வளவு இருந்தால் நாட்டைக் காப்பாற்றப் போகலாம், ஐந்தடி மூன்றே முக்கால் என்றால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம். நடுவில் இருந்தவன் நான்.

அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், மிஷினுக்கு இதெல்லாம் தெரியாது. வெறுங்காலோடு பலகையில் நிறுத்த வேண்டும். குதிக்கால், பிருட்டம், தோள்பட்டை மூன்றும் பின்பலகையில் முட்ட வேண்டும். நாடி நிமிரவும் கூடாது, தாழவும் கூடாது. பிறகு மேலேயுள்ள தட்டை இறக்கி, தலைமயிர் நசுங்கும்வரை அழுத்த வேண்டும். மயிரைக் கூட்டி வாரி எண்ணெயால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். உள்ளங்காலில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டு வந்த ஒருவனை எனக்கு நினைவிருக்கிறது, அவன் இறங்கும்போது பலகையும் கூட வந்தது. குதிக்காலை மெல்ல உயர்த்துகிறவர்கள்தான் அதிகம். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். காலையில் வந்த பஸ் டிக்கெட்டை இரண்டாய் மடித்துக் குதிக்காலுக்குக் கீழே தள்ளிப் பார்ப்பேன். டிக்கெட் உள்ளே போனால், அவன் தேசத்தை ஏமாற்றுகிறான்.

ஒரே சிக்கல், பள்ளியில் பின்னக் கணக்கு தொடங்கிய வாரம்தான் நான் படிப்பை விட்டேன். காலும் அரையும் முக்காலும் எனக்குச் சின்னக் கோடுகள் மட்டும்தான். விரலை வைத்து எண்ணிச் சொல்வேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஒரு டாக்டர் மேஜர். சிங்களத்தில்தான் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். என் படிப்பைக் கேட்டறிந்த நாளிலிருந்து என்னை 'புரொபெசர்' என்று கூப்பிட்டார். அவர் பலகையைப் பார்க்கவே மாட்டார். மேசையில் குனிந்தபடி, "சொல்லு" என்பார். நான் அளவைச் சொல்வேன். "திரும்பச் சொல்லு" என்பார். சொல்வேன். "இன்னொரு தடவை." மூன்றாம் முறை குரல் தடுமாறினால் அளந்தவன் ஏதோ வாங்கியிருக்கிறான் என்பது அவர் முடிவு. ஆளைத் தள்ளிவிடுவார். எனக்கோ பிறந்ததிலிருந்தே நாலு பேர் முன்னால் குரல் தடுமாறும். என் முதல் வாரத்தில் மட்டும் நாட்டுக்கு ஐந்தாறு அதிகாரிகள் குறைந்திருப்பார்கள்.

பிறகு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். காலையில் ஐந்தடி நாலு இருப்பவன், மணிக்கணக்காக வரிசையில் நின்றால் மத்தியானத்தில் கால் அங்குலம் குறைந்துவிடுகிறான். முதலில் என் விரல்தான் பிழை என்று நினைத்தேன். பத்து இருபது பேரைத் திரும்ப அளந்து பார்த்தேன். எல்லாரும் குறைந்திருந்தார்கள். பெரிய தைரியம் எடுத்து மேஜரிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "முதுகெலும்பு அமுங்கும். படுத்தால் திரும்ப வரும். முதலாம் வருடத்தில் படித்தது."

"அப்ப என்னங்க செய்றது, சார்?"

"படிவத்தில் நேரம் எழுத இடமில்லை, புரொபெசர்."

ஆகவே ஒன்றும் செய்யவில்லை. மந்திரிமாரின் கடிதத்தோடு வருகிறவர்களை ஏழரை மணிக்கே கூப்பிடுவது வழக்கம். கடிதம் இல்லாதவர்கள் மத்தியானம்வரை நிற்பார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் உயரமானவர்கள் என்று எங்கள் கிளார்க் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். சத்துணவு காரணம் என்பார்.

இனி, மறக்க முடியாத ஒரு ஆளின் கதைக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜிந்துப்பிட்டியில் எங்கள் அறை வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். வெள்ளவத்தையில் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர். அவருடைய டியூஷன் வகுப்பில் கதிரை அடுக்குகிறவன் என் மச்சான். அவன் வாய் சும்மா இருக்காது, நான் பார்க்கும் வேலையை அவரிடம் சொல்லியிருக்கிறான். டீச்சர் யாழ்ப்பாணத்து ஆள், விதவை. வெள்ளவத்தைப் பெருந்தெருவான காலி வீதியைத் தாண்டினால் கொழும்பு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிற வகை. எங்கள் சந்துக்குள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்கள்தானே உயரம் அளக்கிறது?"

"ஆமாங்க, டீச்சர். உள்ள வாங்க."

"என்ர மகன் வாற வியாழன் அங்க வாறான். சரியா அஞ்சடி நாலு. நான் கதவு நிலையில கோடு போட்டு அளந்தனான். நீங்கள் ஒரு கால் அங்குலம் குறைச்சுச் சொன்னால் காணும்."

என் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். டீச்சர் யோசிக்காமல் வாங்கி முழுவதும் குடித்தார். எங்கள் வீட்டுத் தேத்தண்ணீரை வெள்ளவத்தை குடிக்கிறதென்றால் காரியம் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"கம்பஸுக்கு, யூனிவர்சிட்டிக்குப் போன பிள்ளை" என்றார். "ரெண்டு வரியம் படிச்சவன். கம்பஸை மூடினவங்கள், திறந்தவங்கள், திரும்ப மூடினவங்கள். இப்ப இவர் முதலாம் வகுப்பிலயிருந்து 'லெப்ட் ரைட்' படிக்கப் போறாராம். எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம்? சரி, அவை என்னத்தையும் சொல்லட்டும். அங்க போனா இவனை முன்னுக்கு நிக்கிறவனும் சுடுவான், பின்னுக்கு நிக்கிறவனும் சுடுவான். எனக்கு ஒரே பிள்ளை."

"வயசு?"

"அடுத்த மாசம் இருபத்திரண்டு முடியுது. அதோட அவையின்ர வயசெல்லை தாண்டிடும். இந்த ஒரு தரம் விழுந்தானெண்டா பிறகு கேக்கேலாது."

மறுத்துச் சொல்லத்தான் நினைத்தேன். தலையை ஆட்டினேன். வாழ்நாள் முழுக்க நான் செய்த தவறுகளில் பாதி, தலையை ஆட்டியதால் வந்தவை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே அவன் வந்துவிட்டான். பெயர் பிரதாபன். மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தை அப்போதுதான் விட்ட பதினெட்டு வயதுப் பையன்கள். இவன் கையில் மட்டும் தடித்த பைல், உள்ளே கம்பஸ் கடிதங்கள். கிளார்க் பெயரைப் பார்த்தார், பைலைப் பார்த்தார், திரும்பப் பெயரைப் பார்த்தார்.

"பொலிஸ் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. ஒரு பக்கமாக நில்."

மற்றவர்களுக்கு ஒரு ரிப்போர்ட், இவனுக்கு இரண்டு. நில் என்றால் நிற்க வேண்டியதுதான், அந்த நடைவழியில் கதிரை கிடையாது. நின்றான்.

அன்று முதலாவதாக ஒரு கடிதக்காரப் பையன் ஏறினான். தட்டை இறக்கினேன். ஐந்தடி மூன்றே முக்கால். டிக்கெட் வைத்தும் பார்த்தேன்.

"சொல்லு" என்றார் மேஜர்.

சொன்னேன். அவர் மேசையில் கிடந்த மந்திரியின் கடிதத்தைப் பார்த்தபடி, "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். "இன்னொரு தடவை" என்றார். குரலில் வித்தியாசம் தெரிந்தது. மூன்றாம் முறை, "அஞ்சடி நாலு, சார்" என்றேன். "நல்லது" என்று எழுதினார். அந்தக் கால் அங்குலம் எவ்வளவு லேசாக வந்தது என்று நானே ஆச்சரியப்பட்டேன். டீச்சர் என்னிடம் கேட்டதும் அதே கால் அங்குலம்தான்.

பத்து மணிக்குப் பார்த்தேன், பிரதாபன் நின்றான். பன்னிரண்டுக்கும் நின்றான். ரிப்போர்ட் வந்தபோது மேஜர் சாப்பாட்டுக்குப் போய்விட்டிருந்தார். எனக்குக் கணக்கு தெரியாது, ஆனால் இந்தக் கணக்கு தெரியும். இனி இவனை அளந்தால் ஐந்தடி மூன்றே முக்கால். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. டீச்சருக்கு ஆட்டிய தலை, அரசாங்கத்தின் சட்டம், என் பயம் எல்லாமே ஒன்றும் செய்யாதே என்று ஒரே குரலில் சொல்லின. என் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒன்றாக என் பக்கம் நின்றதில்லை.

தண்ணீர் கொடுக்கப் போனேன்.

"அண்ணை" என்றான் மெதுவாக. "அம்மா உங்களிட்ட வந்தவவோ?"

தண்ணீர்க் கோப்பையை அவன் கையில் திணித்தேன்.

"வந்திருப்பா. போன மாசம் கிராமசேவகரிட்டப் போனவ. அதுக்கு முதல் எங்கட கம்பஸ் புரொபெசரிட்ட."

"தம்பி, இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு? கம்பஸ் படிப்ப விட்டுட்டு?"

"கம்பஸை மூடுவாங்கள், அண்ணை. இதை மூட மாட்டாங்கள்." சிரித்தான். பிறகு, "வெள்ளவத்தையில ஆமியும் பொலிசும் என்னைப் பதினெட்டுத் தரம் சந்தேகத்தில பிடிச்சு ஏத்தியிருக்கினம். ஒவ்வொரு தரமும் பதிவுக் கொப்பியை விரிச்சு வச்சு, 'என்ன செய்யிறாய்?' எண்டு கேப்பினம். கம்பஸ் எண்டு சொன்னா இன்னும் ரெண்டு நாள் வச்சிருப்பினம். ஒருக்கா அந்தக் கேள்வியை நான் கேக்கோணும்" என்றான்.

பகிடியா நிசமா என்று எனக்குத் தெரியவில்லை. காலை முழுக்க நின்றும் சுவரில் சாயாமல் நின்றான், அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கடிதக்காரனுக்குக் கொடுத்ததை இவனிடமிருந்து எடுக்கிறேன் என்று தோன்றியது. இவனுக்கு நான் எதையும் கொடுக்கவும் வேண்டாம், அவனுடையதை அவனிடம் விட்டாலே போதும்.

"வாங்க" என்றேன். கண் சோதிக்கும் அறைக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டிக் கட்டில் கிடந்தது. "படுங்க. எழும்பக் கூடாது. தலைய நீட்டிப் படுங்க." வெள்ளைச் சீலையால் தலைவரை மூடிவிட்டேன்.

சிறிது நேரத்தில் கிளார்க் சோற்றுப் பார்சலோடு உள்ளே வந்தார். தினமும் அங்கேதான் சாப்பிடுவார். கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யார் இது?"

"தெரியாதுங்க, சார்."

அவர் பார்சலை முதுகுக்குப் பின்னால் மறைத்து, ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார். பிறகு சத்தமில்லாமல் வெளியே போனார். அன்று அவர் சாப்பிடவே இல்லை. அவருக்கு நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை, இதை வாசித்தால் மன்னிக்கட்டும்.

மேஜர் வந்ததும் கட்டிலைப் பலகைவரை தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் அவனை எழுப்பினேன். ஏறினான். குதிக்காலின் கீழே டிக்கெட் போகவில்லை. தட்டை இறக்கினேன். கோடுகளை விரலால் எண்ணினேன்.

"சொல்லு."

"அஞ்சடி நாலு, சார்."

"திரும்பச் சொல்லு."

"அஞ்சடி நாலு."

"இன்னொரு தடவை."

"அஞ்சடி நாலு, சார்." குரல் தடுமாறவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகம். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக் கோட்டுக்குக் கிட்டக் குனிந்தார். "நாலும் ஒரு மயிரும்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டேகால். இறங்கிய பிரதாபன் முதுகில் கட்டில் விரிப்பின் சுருக்கம் பதிந்திருந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நல்ல வேளை, புரொபெசர்" என்றார். "படிவத்தில் நேரம் எழுத இடமில்லை." கையெழுத்துப் போட்டார்.

அவன் கல்லூரிக்குப் போனான். அங்கே நடந்ததை, எங்களிடம் தடுப்பூசி போட்டுக்கொள்ள வந்த நாளில் கொஞ்சம் சொன்னான். அவனைவிட மூன்று வயது இளைய சீனியர் அவனை 'மல்லி', அதாவது தம்பி, என்று சிங்களத்தில் கூப்பிட்டு, தலையில் சூட்கேசோடு மைதானத்தைச் சுற்ற விடுவானாம். சுற்றி முடித்ததும் அதே சீனியர் தன் கணக்குக் கொப்பியை நீட்டுவானாம். கம்பஸில் படித்ததை இவன் முழங்காலில் நின்றபடி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தானாம். "கம்பஸில ஒருத்தரும் இவ்வளவு கவனமாப் படிக்கேல்லை, அண்ணை" என்றான்.

டீச்சர் வெள்ளவத்தைச் சந்தையில் என்னைக் கண்டால் காலி வீதியைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். அந்த வாகன நெரிசலில் அது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். ஆனாலும் போவார்.

பயிற்சி முடிந்து அதிகாரியாக வெளியேறும் அணிவகுப்புக்கு ஆளுக்கு இரண்டு அழைப்பிதழ் கொடுப்பார்களாம். ஒன்று எனக்கு வந்தது. மச்சானின் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், வாசலில் அழைப்பிதழை நீட்டினேன். காவலில் நின்றவன் அழைப்பிதழைப் பார்க்கவில்லை, அடையாள அட்டையைக் கேட்டான். பெயர் தமிழ், விலாசம் ஜிந்துப்பிட்டி. நான் வேலை பார்த்த கந்தோர் கொடுத்த அட்டையில் 'தற்காலிகம்' என்று இருந்தது.

"உன்னைத் தெரிந்த அதிகாரி யார்?"

பெயரைச் சொன்னேன்.

"அவர் எங்கே?"

"அணிவகுப்பில நிக்கிறாருங்க."

"அப்போது அணிவகுப்பு முடியட்டும்."

காவலறையில் ஒரு நீள மர வாங்கில் கொண்டுபோய் இருத்தினான். வாங்கின் மறுமுனையில் பட்டுச் சேலையோடு ஒரு அம்மா ஏற்கெனவே இருந்தார். டீச்சர். அங்கே கடப்பதற்கு வீதி இல்லை.

"நீங்களும் பிடிபட்டனீங்களோ?" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"ஆமாங்க, டீச்சர்."

வெளியே பாண்ட் வாத்தியம் தொடங்கியது. யாரோ கத்தினார்கள், நூறு பூட்ஸ் ஒன்றாய் நிலத்தில் இறங்கியது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சுவரும், அதில் தொங்கிய தீயணைக்கும் வாளி மூன்றும்தான்.

"ஒரு கால் அங்குலம்" என்றார் டீச்சர். "வேறென்ன கேட்டனான்?"

நான் சொல்லிவிட்டேன். நின்றதால் குறைந்ததையும், படுக்க வைத்ததையும். ஏச்சை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தேன். அவர் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"படுத்தா கூடுமோ?"

"கூடுங்க. காலைல கூட இருக்கும், போகப் போகக் குறையும்."

"நான் நிலையில கோடு போட்டது பின்னேரம், வகுப்பு முடிஞ்சாப் பிறகு." கையில் விரலால் ஏதோ போட்டுப் பார்த்தார். "அப்ப என்ர பிள்ளை உண்மையில அஞ்சடி நாலுக்கு மேல."

"மேலதாங்க, டீச்சர்."

"நான் குறைச்செல்லோ கணக்குப் போட்டிட்டன்" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோப்பரல் ஒருவன் பதிவேட்டோடு வந்தான். தடுத்து வைக்கப்பட்டவர்களின் பெயர், விலாசம், உயரம், தொழில். உயரத்தைக் கண்ணாலேயே பார்த்து எழுதினான். எனக்கு ஐந்தடி ஆறு. நான் ஐந்தடி மூன்று. அரசாங்கம் மூன்று அங்குலம் இனாமாகத் தருகிறது, நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? தொழில் என்று டீச்சரிடம் கேட்டான். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டான்.

பாண்ட் நின்று கொஞ்ச நேரத்தில் பிரதாபன் வந்தான். வாளும், வெள்ளைக் கையுறையும். கோப்பரல் அடித்த சல்யூட்டில் தீயணைக்கும் வாளி ஆடியது.

"சார், சிவிலியன்கள் இரண்டு பேர். அதிகாரி கையெழுத்துப் போட்டால் விடலாம். இந்த அம்மாவின் தொழில் மட்டும் எழுதவில்லை, கேட்டால் பதில் இல்லை."

பதிவேட்டை விரித்து நீட்டினான். பிரதாபன் அதைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். கையுறையைக் கழற்றினான். கோப்பரல் விறைத்துக்கொண்டு நின்றான், கேட்காமல் விட முடியாது.

"என்ன செய்யிறீங்கள்?" என்றான் பிரதாபன், தாயிடம்.

பிடித்தவர்கள் பதினெட்டுத் தரம் அவனிடம் கேட்ட கேள்வி. முகம் சிவந்துபோயிருந்தது.

டீச்சர் அவனை மேலிருந்து கீழே ஒருமுறை அளந்தார். "கணக்குப் படிப்பிக்கிறன்" என்றார். "எழுது. வடிவா எழுது."

எழுதினான். கீழே கையெழுத்தும் போட்டான். அதிகாரியாக அவன் போட்ட முதல் கையெழுத்து, தாயைப் பொறுப்பேற்றதற்கு. பதிவேட்டை மூடப் போனவன் என் வரியைப் பார்த்து நிறுத்தினான்.

"அண்ணை, நீங்கள் அஞ்சடி ஆறோ?"

"காலைல அளந்ததுங்க, சார்" என்றேன்.